பழைய அலுவலக நெட்வொர்க்கில் கோப்புகள் ஊர்கின்றனவா? திரையில் நிற்கும் எண்ணை வைத்துக் கோளாறைப் பிடியுங்கள்

"நெட்வொர்க் ரொம்ப ஸ்லோ" என்று புகார் வந்ததும் பல அலுவலகங்களில் புது சுவிட்ச் (கணினிகளின் கேபிள்களை ஒன்றிணைக்கும் பெட்டி) ஒன்றை வாங்கி மாட்டிவிடுவார்கள். மறுநாளும் அதே புகார் வரும். ஒரு கோப்பு சர்வரிலிருந்து உங்கள் மேசைக்கு வருவதற்குள் சர்வரின் வட்டு, அதன் நெட்வொர்க் கார்டு, ஒரு கேபிள், சுவிட்ச், இன்னொரு கேபிள், உங்கள் கார்டு, உங்கள் வட்டு என்று ஏழு இடங்களைக் கடக்கிறது. ஏழில் எது மிக மெதுவோ அதன் வேகம்தான் உங்களுக்குக் கிடைக்கும். மீதி ஆறையும் புதிதாக்கினாலும் ஒன்றும் மாறாது.

பழைய நெட்வொர்க்கில் ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு தடையும் தனக்கென்று ஒரு வேகத்தில் வந்து நிற்கும். காப்பி ஓடும்போது திரையில் தெரியும் எண்ணைச் சரியாகப் படித்தாலே எங்கே தேடுவது என்று பாதி தெரிந்துவிடும்.

## கை வைப்பதற்கு முன் அளந்துகொள்ளுங்கள்

இரண்டு அளவுகள் வேண்டும். முதலாவது, வட்டும் சேர்ந்த வேகம். 2 ஜிபிக்குக் குறையாத ஒரே கோப்பை (ஐஎஸ்ஓ, வீடியோ, எதுவானாலும் சரி) சர்வரிலிருந்து கணினிக்கு ஒருமுறை, கணினியிலிருந்து சர்வருக்கு ஒருமுறை காப்பி செய்து இரண்டு எண்ணையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். அதே கோப்பை மறுபடி இழுத்தால் அது சர்வரின் நினைவகத்திலிருந்தே வந்துவிடலாம். அப்போது நீங்கள் வட்டை அளக்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் வேறு கோப்பு எடுங்கள்.

இரண்டாவது, வட்டே கலக்காத வேகம். இதற்கு ஐபெர்ஃப்3 என்ற இலவசக் கருவி போதும். ஒரு கணினியில் அதை சர்வராக ஓடவிட்டு, மற்றதிலிருந்து அதன் ஐபி முகவரியைக் கொடுத்தால், நினைவகத்திலிருந்து நினைவகத்துக்குத் தரவை அனுப்பி அளந்து சொல்லும். ஃபயர்வாலில் 5201 என்ற போர்ட் அடைபட்டிருந்தால் இணைப்பு கிடைக்காது. சோதனை முடியும்வரை திறந்துவைத்து, பிறகு மூடிவிடுங்கள். திசையைத் திருப்பியும் ஒருமுறை அளக்க வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுவார்கள், ஆனால் ஒரு திசையில் மட்டும் வேகம் குறைவது முக்கியமான துப்பு.

பிட், பைட் குழப்பம் இங்கேதான் வரும். கார்டும் சுவிட்சும் ஐபெர்ஃப்பும் மெகாபிட்டில் பேசும். விண்டோஸின் காப்பி ஜன்னல் மெகாபைட்டில் பேசும். எட்டு மெகாபிட் சேர்ந்தால் ஒரு மெகாபைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் கணக்குப்படி 12.5 மெகாபைட், பாக்கெட்டுகளின் தலைப்புச் செலவு போகக் கையில் கிடைப்பது நொடிக்கு 11 முதல் 11.8 வரை. இனி இந்தக் கட்டுரையில் "எம்பி" என்றால் நொடிக்கு இத்தனை மெகாபைட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காப்பி வேகம் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்:

- 1 எம்பி அல்லது அதற்கும் கீழே: 10 மெகாபிட் இணைப்பு, அல்லது டூப்ளெக்ஸ் பொருந்தாமை (ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பிப் பெற, மற்றது அப்படிச் செய்யாதது), அல்லது பிழைகள் மலிந்த கேபிள்.
- 11 எம்பி: எங்கோ ஓர் இடத்தில் 100 மெகாபிட் இணைப்பு. அசையாமல் ஒரே கோடாக நிற்கும்.
- 30 முதல் 40 எம்பி: யுஎஸ்பி 2.0 வழியாகத் தொங்கும் வட்டு அல்லது நெட்வொர்க் கார்டு. சில சமயம் களைத்துப்போன லேப்டாப் ஹார்ட் டிஸ்க்.
- 60 முதல் 80 எம்பி: பழைய பிசிஐ ஸ்லாட்டில் இருக்கும் ஜிகாபிட் கார்டு, அல்லது ஹார்ட் டிஸ்க்கின் எல்லை.
- 110 எம்பியும் அதற்குச் சற்று மேலும்: ஜிகாபிட் முழுதாக ஓடுகிறது. நெட்வொர்க்கில் இனிச் செய்ய ஒன்றுமில்லை.

ஐபெர்ஃப்பில் நல்ல 100 மெகாபிட் இணைப்பு 94 மெகாபிட் சுற்றியும், நல்ல ஜிகாபிட் இணைப்பு 940 சுற்றியும் காட்டும்.

## 11 எம்பியைத் தாண்டவே மாட்டேன் என்கிறது

வேகம் ஏறி இறங்காமல் 11-இலேயே நின்றால் அது கோளாறுகூட இல்லை. 100 மெகாபிட் இணைப்பு ஒன்று தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது. அந்த இணைப்பு எங்கே என்பதுதான் கேள்வி.

கணினியில் நெட்வொர்க் இணைப்பின் ஸ்டேட்டஸ் ஜன்னலைத் திறந்தால் வேகம் என்ற வரியில் 100 மெகாபிட் அல்லது 1.0 ஜிகாபிட் என்று இருக்கும். இது உங்கள் கணினிக்கும் அதற்கு அடுத்த கருவிக்கும் இடையிலான வேகம் மட்டுமே. இங்கே 1.0 என்று இருந்தாலும், இரண்டு சுவிட்ச் தள்ளி ஓர் இணைப்பு 100-இல் ஓடிக்கொண்டிருக்கலாம். சர்வரிலும் பாருங்கள், நடுவில் உள்ள ஒவ்வொரு சுவிட்சின் விளக்குகளையும் பாருங்கள். பல சுவிட்சுகளில் ஜிகாபிட்டுக்கு ஒரு நிறமும் 100-க்கு இன்னொரு நிறமும் எரியும். எந்த நிறம் எதற்கு என்று முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள்.

பழைய அலுவலகங்களில் 100 ஒளிந்திருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்.

ஐபி ஃபோன்: மேசைத் தொலைபேசியின் பின்னால் இரண்டு போர்ட் இருக்கும், ஒன்று சுவருக்கு, மற்றது கணினிக்கு. பழைய மாடல்களில் அந்த இரண்டுமே 100 மெகாபிட்தான். சுவிட்சும் கணினியும் ஜிகாபிட்டாக இருந்தும் நடுவில் உள்ள ஃபோன் கழுத்தைப் பிடிக்கும். கணினியை நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகிப் பாருங்கள். வேகம் பத்து மடங்கு எகிறினால் விஷயம் முடிந்தது.

இன்டர்நெட் ரவுட்டர்: அதன் நான்கு லேன் போர்ட்டையே அலுவலகத்தின் மைய சுவிட்சாகப் பயன்படுத்தியிருப்பார்கள். பழைய ரவுட்டர்களில் அவை 100 மெகாபிட். சர்வரையும் கணினிகளையும் ஒரு ஜிகாபிட் சுவிட்சுக்கு மாற்றி, அந்த சுவிட்சிலிருந்து ரவுட்டருக்கு ஒரே ஒரு கேபிள் கொடுத்தால் போதும்.

தவறான போர்ட்டில் சர்வர்: 24 போர்ட் 100 மெகாபிட் சுவிட்சுகள் பலவற்றில் ஓரத்தில் இரண்டு ஜிகாபிட் போர்ட் தனியாக இருக்கும். சர்வரின் கேபிள் சாதாரணப் போர்ட்டில் செருகியிருந்தால் மொத்த அலுவலகமும் அந்த ஒற்றை 100 மெகாபிட்டைப் பங்குபோட்டுக்கொள்கிறது. கேபிளைப் பிடுங்கி ஓரத்துப் போர்ட்டில் செருகுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் 11 எம்பிதான் கிடைக்கும் என்றாலும், எட்டுப் பேர் ஒரே நேரத்தில் இழுத்தாலும் எட்டுப் பேருக்கும் ஏறத்தாழ அது முழுதாகக் கிடைக்கும். காசு செலவில்லாமல் கிடைக்கும் முன்னேற்றங்களில் இதைவிடப் பெரியது அரிது.

ஒரு கேபிளில் இரண்டு சாக்கெட்: 100 மெகாபிட்டுக்கு நான்கு கம்பிகள் போதும் (1, 2, 3, 6 ஆகிய பின்கள்). மீதி நான்கை வீணாக்குவானேன் என்று ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கணினிகளுக்கோ, ஒரு கணினிக்கும் ஒரு தொலைபேசிக்குமோ கொடுத்திருப்பார்கள். ஜிகாபிட்டுக்கு எட்டுக் கம்பியும் வேண்டும். சாக்கெட் தட்டைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு அமைப்பில் மாற்ற எதுவுமில்லை; ஒரே கேபிளில் எட்டையும் சேர்த்து ஒரு சாக்கெட்டுக்குக் கொடுத்து, மேசையருகே சிறு ஜிகாபிட் சுவிட்ச் வைக்க வேண்டும்.

அறுந்த கம்பி: 4, 5, 7, 8 பின்களில் ஒன்று தொடாமல் இருந்தாலும் 100 மெகாபிட் ஓடும். இதில் ஒரு தந்திரம் உண்டு. இரு முனைகளும் எந்த வேகத்தில் பேசலாம் என்று முடிவுசெய்வது மற்ற கம்பிகள் வழியாகத்தான். ஆகவே "ஜிகாபிட்" என்று ஒப்புக்கொண்டு, ஓட்டிப் பார்த்துத் தோற்று, பிறகு சில கார்டுகள் தாமாக 100-க்கு இறங்கும். இறங்கத் தெரியாத கார்டுகளில் இணைப்பு வந்து வந்து போகும். இணைப்பு விளக்கு சில நொடிக்கொரு முறை அணைந்து எரிந்தால் கேபிளின் ஆர்ஜே45 முனையை (பிளக்கை) சந்தேகியுங்கள். 100-க்குக் கட்டாயப்படுத்தினால் அடங்கிவிடும். ஆனால் அது வலிநிவாரணி. முனையை வெட்டி மறுபடி கிரிம்ப் செய்வதுதான் (கருவியால் அழுத்திப் புது முனையைப் பொருத்துவதுதான்) வைத்தியம்.

## பிங் சுத்தமாக இருக்கிறது, பெரிய கோப்பு மட்டும் செத்துப்போகிறது

பிங் (மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) ஒரு மில்லிநொடிக்குள் வருகிறது. இணையப் பக்கங்களும் பரவாயில்லை. 500 மெகாபைட் கோப்பை இழுத்தால் மட்டும் நொடிக்கு நூறு கிலோபைட்டில் ஊர்கிறது, அதிலும் ஒரு திசை மற்றதைவிட மோசம். இது டூப்ளெக்ஸ் பொருந்தாமையின் பாடப்புத்தக அறிகுறி.

காரணம் இப்படி. ஒரு முனையில் யாரோ ஒருவர் என்றோ "100 ஃபுல் டூப்ளெக்ஸ்" என்று கையால் பூட்டியிருப்பார். மறுமுனை ஆட்டோவில் இருக்கும். பூட்டிய முனை பேச்சுவார்த்தைக்கு வராது. ஆட்டோ முனையால் மின்சைகையை வைத்து வேகம் 100 என்று கண்டுகொள்ள முடியும். டூப்ளெக்ஸைக் கண்டுகொள்ள வழியில்லை. விதிப்படி அது ஹாஃப் டூப்ளெக்ஸ் என்று எடுத்துக்கொள்ளும். இப்போது ஒரு முனை ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்கிறது. மற்றது, தான் அனுப்பும்போது எதிரிலிருந்து எதுவும் வந்தால் மோதல் என்று எண்ணிப் பாதியில் நிறுத்துகிறது. பிங்கில் ஒரு பாக்கெட் போய்த்தான் ஒன்று வரும், மோதல் நடக்காது. கோப்பு காப்பியில் தரவு ஒரு பக்கமும் ஒப்புகை எதிர்ப்பக்கமும் ஓயாமல் ஓடும். மோதலுக்கு மேல் மோதல்.

மேலாண்மை வசதியுள்ள சுவிட்சானால் போர்ட்டின் எண்ணிக்கைகளைப் பாருங்கள். ஹாஃப் பக்கத்தில் தாமத மோதல்களும், ஃபுல் பக்கத்தில் சிஆர்சி பிழைகளும் (கெட்டுப்போய் வந்த பாக்கெட்டுகள்) ஏறிக்கொண்டிருந்தால் சந்தேகமே வேண்டாம். சாதாரண சுவிட்சானால் விண்டோஸ் டிவைஸ் மேனேஜரில் கார்டின் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய் "ஸ்பீட் அண்ட் டூப்ளெக்ஸ்" என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஆட்டோ நெகோசியேஷன் தவிர வேறு எது இருந்தாலும் ஆட்டோவுக்கு மாற்றுங்கள். இரு முனையும் ஆட்டோ. ஜிகாபிட் செப்புக் கேபிளுக்கு ஆட்டோ கட்டாயமும்கூட. பூட்டிவைத்தால் நிலையாக இருக்கும் என்பது தொண்ணூறுகளின் பிற்பகுதியில், கார்டுகள் ஒன்றோடொன்று சரியாகப் பேசாத காலத்தில் வந்த பழக்கம். இன்னும் சில இடங்களில் வழிவழியாக ஓடிக்கொண்டிருக்கிறது.

மாடிகளுக்கு இடையே ஃபைபர் போட்டு இரு முனையிலும் மீடியா கன்வெர்ட்டர் வைத்திருந்தால் அதையும் மறக்காதீர்கள். பழைய கன்வெர்ட்டர்களில் சிறு டிப் சுவிட்சுகள் இருக்கும். அதில் ஒன்று டூப்ளெக்ஸைப் பூட்டியிருக்கலாம்.

சுவிட்ச் என்று நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் ஹப்பாக இருந்தால் எல்லாமே ஹாஃப் டூப்ளெக்ஸ்தான், எல்லோரும் ஒரே 10 அல்லது 100 மெகாபிட்டைப் பகிர்கிறார்கள். முகப்பில் "கொலிஷன்" என்ற விளக்கு இருந்தால் அது பெரும்பாலும் ஹப். தூக்கிப் போடுங்கள்.

## ஜிகாபிட் என்று காட்டுகிறது, வேகம் மட்டும் தள்ளாடுகிறது

இணைப்பு 1.0 ஜிகாபிட். ஐபெர்ஃப் ஒரு நொடி 900, அடுத்த நொடி 300, பிறகு 700 என்று ஆடுகிறது. பாக்கெட்டுகள் கெட்டுப்போய்த் திரும்பத் திரும்ப அனுப்பப்படுகின்றன. நெட்ஸ்டாட் கட்டளையை ஈ ஆப்ஷனோடு கொடுத்தால் விண்டோஸ் பிழை எண்ணிக்கையைக் காட்டும். ஒரு பெரிய கோப்பை இழுப்பதற்கு முன்பும் பின்பும் பாருங்கள். எண் ஏறியிருந்தால் கேபிள்தான். ஏறவில்லை என்றால் கேபிளை விடுவித்துவிட வேண்டாம். எதிர்த்திசையில் கெடும் பாக்கெட்டுகள் சுவிட்சின் கணக்கில்தான் ஏறும்.

உறுதிசெய்ய எளிய வழி: நன்றாக வேலைசெய்யும் லேப்டாப் ஒன்றை சுவிட்சுக்கு அருகே கொண்டுபோய், அந்தக் கணினியின் கேபிள் இருந்த அதே போர்ட்டில், கம்பெனியில் தயாரான குட்டைக் கேபிளால் இணைத்து அளவிடுங்கள். முழு வேகம் வந்தால் சுவருக்குள் ஓடும் கேபிளோ அதன் முனைகளோதான் குற்றவாளி.

முனைகளில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு, ஜோடி பிரிதல். கையால் கிரிம்ப் செய்பவர் நிறங்களை ஜோடி ஜோடியாக அடுக்கிவிடுவார்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி. இரண்டு முனையிலும் ஒரே மாதிரிதானே என்று தோன்றும். எட்டு விளக்குள்ள டெஸ்டரும் 1 முதல் 8 வரை வரிசையாக எரிந்து சரி என்று சொல்லும். ஆனால் 3-ஆம், 6-ஆம் பின்கள் ஒரே ஜோடியாக முறுக்கிய கம்பிகளில் இருக்க வேண்டும். இங்கே 3 பச்சை ஜோடியிலும் 6 நீல ஜோடியிலும் போய்விட்டன. முறுக்கு இருப்பதே பக்கத்து ஜோடியின் இரைச்சலை ரத்துசெய்யத்தான். ஜோடி மாறியதும் அந்தப் பாதுகாப்பு போய்விடும். இரண்டு மீட்டர் கேபிளில் தெரியாது. நாற்பது மீட்டரில் பிழை கொட்டும். சரியான 'பி' வரிசை (டி568பி தரம்) இது: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. டெஸ்டரை நம்பாமல் முனையின் கண்ணாடிப் பகுதி வழியே நிறத்தைக் கண்ணால் பாருங்கள். பச்சை ஜோடி நடுவில் நீலத்தைத் தாண்டி விரிந்திருக்க வேண்டும்.

கிரிம்ப் செய்யும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது. வெளியுறையும் முனைக்குள் போய்ப் பூட்டின் அடியில் அமர வேண்டும். வெறும் கம்பிகளை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் முனை, நாற்காலிச் சக்கரம் ஒருமுறை இழுத்தால் தளர்ந்துவிடும்.

மற்றவை சுருக்கமாக. சுவிட்சிலிருந்து கணினி வரை மொத்தம் 100 மீட்டர்தான். அதில் சுவருக்குள் 90, இரு முனைத் துண்டுகளுக்கும் சேர்த்து 10. கேட்5 என்று அச்சிட்ட பழைய கேபிளை உடனே பிடுங்கி எறிய வேண்டியதில்லை: 1999-இல் வந்த செப்பு ஜிகாபிட் தரம் கேட்5 கேபிளை மனத்தில் வைத்தே உருவானது, முனைகள் ஒழுங்காக இருந்தால் ஓடும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத்தான் மாற்ற வேண்டும். கம்பியை நகத்தால் அல்லது கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளியாகத் தெரியும். அதற்கு மின்தடை அதிகம், இரண்டு முறை வளைத்தால் ஒடியும். மின்கம்பிகளோடு ஒரே குழாயில் ஓடும் கேபிளையும், டியூப்லைட் சோக்கின் மேல் படுத்திருக்கும் கேபிளையும் தள்ளிப் போடுங்கள்.

கேபிள் எல்லாம் சரி, இரண்டு குறிப்பிட்ட கணினிகளில் மட்டும் தள்ளாட்டம் என்றால் கார்டின் அட்வான்ஸ்டு தாவலில் எனர்ஜி எஃபிஷியன்ட் ஈதர்நெட், கிரீன் ஈதர்நெட் ஆகியவற்றை அணைத்துப் பாருங்கள். மின்சாரம் சேமிக்கிறேன் என்று இணைப்பைத் தூங்கவைத்து எழுப்பும் இந்த வசதி பழைய சுவிட்சுகளோடு ஒத்துப்போகாமல் போவதுண்டு.

## ஐபெர்ஃப்பில் 940, காப்பியில் 35

நெட்வொர்க் குற்றமற்றது. சுவிட்ச் பக்கமே போகாதீர்கள், வட்டைப் பாருங்கள்.

காப்பி ஓடும்போது இரு கணினியிலும் டாஸ்க் மேனேஜரைத் திறந்துவையுங்கள். வட்டு 100 சதவீதத்தில் நின்றால் அதுதான் தடை. சிபியுவின் ஒரு கோர் மட்டும் முழுதாக நிரம்பியிருந்தால் ஆன்டிவைரஸ், அல்லது பலமில்லாத பழைய நாஸ் பெட்டியின் (நெட்வொர்க்கில் மாட்டும் வட்டுப் பெட்டி) செயலி. இரண்டும் காலியாக இருந்து வேகம் 30-க்கும் 40-க்கும் இடையில் நின்றால் வழியில் யுஎஸ்பி 2.0 ஏதோ ஒன்று இருக்கிறது. வெளிவட்டை நீல நிற யுஎஸ்பி 3 போர்ட்டுக்கு மாற்றினால் தீரும். அப்படிப் போர்ட் இல்லாத சர்வரில் வட்டைக் கழற்றி உள்ளே சாட்டாவில் மாட்டுங்கள்.

முதல் சில நொடி 110 எம்பியில் பறந்து, பிறகு 40-க்கு விழுகிறது என்று அடிக்கடி கேட்பார்கள். முதலில் காண்பது நினைவகத்தில் சேமித்துக்கொள்ளும் வேகம். நினைவகம் நிரம்பியதும் வட்டின் உண்மையான வேகம் வெளியே வருகிறது. இதற்கு அமைப்பு மாற்றம் எதுவும் கிடையாது.

வாசிப்பு வேகமாகவும் எழுதுவது மட்டும் படுமந்தமாகவும் இருந்தால், அதுவும் ரெய்டு 5 (பல வட்டுகளில் தரவைப் பரப்பி வைக்கும் முறை) வைத்த பழைய சர்வரில், ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். மின்சாரம் போனால் பாதி எழுதிய தரவைக் காப்பது அந்தப் பேட்டரிதான். அது செத்ததும் கார்டு பாதுகாப்புக்காக எழுதும் கேஷை அணைத்துவிடும். ஒவ்வொரு எழுத்தும் வட்டைத் தொட்டுத்தான் திரும்பும். பேட்டரியை மாற்றினால் பழைய வேகம் திரும்பும். பேட்டரி இல்லாமல் கேஷைக் கட்டாயமாக இயக்க ஒரு ஆப்ஷன் இருக்கும். யுபிஎஸ் இருந்தாலும் அதைத் தொடாதீர்கள்.

பிசிஐ ஸ்லாட்டில் மாட்டிய ஜிகாபிட் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த ஸ்லாட்டுகள் எல்லாம் சேர்ந்து பங்குபோட்டுக்கொள்வது 133 எம்பி, அதுவும் காகிதத்தில். வட்டுக் கன்ட்ரோலரும் அதே பாதையில் இருந்தால் ஒவ்வொரு பைட்டும் இருமுறை அந்த வழியே போகிறது. ஐபெர்ஃப்பே 940-ஐ எட்டாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்று காலியிருந்தால் அதற்கான கார்டுக்கு மாறுங்கள். மிகச் சிறிய ஒற்றை வரி ஸ்லாட்கூட முதல் தலைமுறையிலேயே ஒரு திசைக்கு 250 எம்பி கொடுக்கும்.

## பெரிய கோப்பு பறக்கிறது, ஆயிரம் சின்னக் கோப்புகள் இழுக்கின்றன

சின்னக் கோப்பில் நேரம் போவது தரவுக்கு இல்லை, சம்பிரதாயத்துக்கு. ஒவ்வொரு கோப்புக்கும் திற, அனுமதி பார், எழுது, தேதி பதி, மூடு என்று பல சுற்றுப் பேச்சு. அதோடு இரு முனையிலும் ஆன்டிவைரஸ் ஒருமுறை முகர்ந்து பார்க்கும். ஒரு கோப்புக்கு 10 மில்லிநொடி என்று வைத்தாலும் பத்தாயிரம் கோப்புக்கு 100 நொடி. மொத்த அளவு 50 மெகாபைட்டாக இருந்தாலும் இதே நேரம்தான். கேபிளை மாற்றினால் இது குறையாது.

ஒருமுறை மாற்றினால் போதும் என்றால் ஜிப்பாக்கி ஒரே கோப்பாக அனுப்புங்கள். தினமும் செய்யும் பேக்கப் என்றால் விண்டோஸோடு வரும் ரோபோகாப்பியை எம்டி ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இயல்பாக 8 கோப்புகளை ஒரே நேரத்தில் அனுப்பும். 16 வரை கூட்டிப் பாருங்கள். மறுமுனையில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தால் அதற்குமேல் கூட்டுவது எதிர்வினையாகும். முள் அங்குமிங்கும் அலைந்தே நேரம் போய்விடும்.

சர்வர் ஃபோல்டரில் தரவுக் கோப்பை வைத்துப் பலர் திறக்கும் கணக்கு மென்பொருள்களும் இதே வகைதான். ஒரு அறிக்கைக்கு 2,000 சுற்றுப் பேச்சு என்றால், சுற்றுக்கு அரை மில்லிநொடி ஆகும் கேபிளில் ஒரு நொடி; 5 மில்லிநொடி ஆகும் வைஃபையில் பத்து நொடி. அப்படிப்பட்ட மென்பொருள் ஓடும் கணினிக்கு என்ன கஷ்டப்பட்டாவது கேபிள் இழுத்துவிடுங்கள்.

## ஃபோல்டர் திறக்கவே அரை நிமிடம், திறந்த பிறகு வேகம்

பெயரைக் கண்டுபிடிப்பதில் தாமதம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் சர்வரின் பெயருக்குப் பதிலாக அதன் ஐபி முகவரியைக் கொடுத்துத் திறங்கள். உடனே திறந்தால் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் அமைப்பில் கோளாறு. அலுவலகத்துக்குள் டொமைன் சர்வர் இருந்தால் கணினிகளின் டிஎன்எஸ் முகவரி அதுவாக மட்டுமே இருக்க வேண்டும். இரண்டாவதாக வெளியார் டிஎன்எஸ் ஒன்றைப் போட்டுவைத்தால், அது உங்கள் உள்சர்வரின் பெயரை அறியாமல் கையை விரிக்கும்.

ஐபியிலும் மெதுவானால், மேப் செய்துவைத்த டிரைவ்களைப் பாருங்கள். என்றோ அகற்றிய சர்வரைச் சுட்டும் ஒரு டிரைவ் எழுத்து இருந்தால், ஒவ்வொரு முறையும் விண்டோஸ் அதைத் தேடிக் களைத்த பிறகுதான் மற்றதைக் காட்டும். நீக்கிவிடுங்கள்.

## சில நேரங்களில் மட்டும் மந்தம்

கடிகாரத்தைப் பாருங்கள். தினமும் ஒரே மணிக்கு என்றால் பேக்கப் அல்லது விண்டோஸ் அப்டேட். அவற்றை இரவுக்குத் தள்ளுங்கள்.

நாள் முழுதும் ஒரு தளத்தில் மட்டும் என்றால் கேமராக்களை எண்ணுங்கள். ஒன்றுக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் 16 கேமரா 64 மெகாபிட். கேமராக்கள் ஒரு சுவிட்சிலும் ரெக்கார்டர் இன்னொன்றிலும் இருந்து, நடுவே 100 மெகாபிட் கேபிள் ஒன்றுதான் என்றால், அந்தப் பக்கமிருந்து கோப்பு அனுப்புபவருக்கு மிஞ்சுவது மூன்றில் ஒரு பங்கு. ரெக்கார்டரைக் கேமராக்கள் இருக்கும் சுவிட்சுக்கே நகர்த்துங்கள்.

திடீரென்று எல்லோருக்கும் எல்லாமே நின்றுபோய், சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒன்றாக வெறிபிடித்ததுபோல் மின்னினால் அது லூப். யாரோ ஒரு கேபிளின் இரு முனையையும் சுவர் சாக்கெட்டுகளில் செருகியிருப்பார்கள். கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பாருங்கள். எதை எடுத்ததும் விளக்குகள் அமைதியாகின்றனவோ அதைப் பின்தொடருங்கள்.

சுவிட்சை அணைத்துப் போட்டால் இரண்டு நாள் நன்றாக ஓடி மறுபடி படுக்கிறதா? வெப்பம் அல்லது மின் அடாப்டர். மாற்று அடாப்டரில் வோல்ட்டும் துருவமும் அதேயாக, ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்க வேண்டும். உள்ளே கெபாசிட்டரின் தலை உப்பியிருந்தால் சுவிட்சையே மாற்றுங்கள்.

## வைஃபையில் மட்டும் 2 எம்பி

பழைய 'ஜி' (802.11g) தரம் 54 மெகாபிட் என்று சொல்லும். கைக்கு வருவது 20 முதல் 25 மெகாபிட், அதாவது 2.5 முதல் 3 எம்பிதான். 'என்' (802.11n) தரக் கருவியிலும் 54-ஐத் தாண்டவில்லை என்றால் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். பழைய பூட்டு முறைகளான டபிள்யூஇபி அல்லது டிகேஐபி தேர்ந்தெடுத்திருந்தால் 'என்' தரத்தின் வேகங்கள் திறக்காது, விதியே அப்படி. டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று மாற்றினால் அதே கருவி வேகமெடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 6, 11 தவிர வேறு சானல் வைக்காதீர்கள். அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும்.

## ஒரு பழைய சர்வரோடு மட்டும் மந்தம்

எஸ்எம்பி (விண்டோஸ் கோப்புகளைப் பகிரும் நெறிமுறை) பதிப்பைப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பியும் விண்டோஸ் 2003 சர்வரும் பேசுவது எஸ்எம்பி1. விஸ்டாவோடு 2-ஆம் பதிப்பும், விண்டோஸ் 8-ஓடு 3-ஆம் பதிப்பும் வந்தன. முதல் பதிப்பு சிறு துண்டுகளாகக் கேட்டுக் கேட்டு வாங்கும். 2017 மே மாதம் வானாக்ரை என்ற பணயத் தீநிரல் பரவியதும் அதன் ஓட்டை வழியாகத்தான். பவர்ஷெல்லில் கெட்-எஸ்எம்பிகனெக்‌ஷன் கட்டளை எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று காட்டும். பழைய நாஸ் பெட்டியாக இருந்தால் அதன் அமைப்புப் பக்கத்தில் அதிகபட்சப் பதிப்பு 1 என்று பூட்டியிருக்கலாம். 2 அல்லது 3-க்கு உயர்த்துங்கள்.

விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்புக்கு மாறிய பிறகு பழைய நாஸ் மந்தமானால் காரணம் வேறு. அந்தப் பதிப்பு (ஹோம் வகை தவிர) இயல்பாகவே ஒவ்வொரு எஸ்எம்பி பாக்கெட்டிலும் கையொப்பம் கேட்கிறது. பலமில்லாத செயலி கையொப்பம் போட்டே களைத்துவிடும். கையொப்பத்தை அணைக்கச் சொல்லும் ஆலோசனைகள் நிறையக் கிடைக்கும். அணைப்பதைவிடப் பெட்டியை மாற்றுவது மேல்.

## ஜம்போ ஃபிரேம் போடலாமா?

வேண்டாம். ஜம்போ ஃபிரேம் என்பது வழக்கத்தைவிடப் பெரிய பாக்கெட். சாதாரண 1500 பைட் பாக்கெட்டில் ஏறத்தாழ 95 சதவீதம் உண்மையான தரவு; 9000 பைட்டில் 99. லாபம் அந்த நாலு சதவீதம்தான். ஆனால் வழியில் உள்ள ஒரே ஒரு சுவிட்சோ பிரிண்டரோ அதை ஏற்காவிட்டால், ஃபோல்டர் திறக்கும், பிங் வரும், பெரிய கோப்பு மட்டும் பாதியில் உறையும். ஏற்கெனவே யாரோ போட்டுவைத்திருக்கிறார்களா என்று பார்க்க, பிங் கட்டளையில் துண்டாக்க வேண்டாம் என்ற ஆப்ஷனோடு 1472 பைட்டும், பிறகு 8972 பைட்டும் அனுப்புங்கள். முதலாவது மட்டும் போய் வந்தால் அந்த வழியில் சாதாரண அளவுதான். கார்டில் 9000 என்று இருந்தால் 1500-க்குத் திருப்புங்கள்.

## வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

முதலில் மையத்தில் ஒரு ஜிகாபிட் சுவிட்ச். பிறகு சர்வரில் எஸ்எஸ்டி. கேபிள் கடைசி; அதுவும் பிழை எண்ணிக்கை ஏறும் கேபிள்கள் மட்டும். 2.5 ஜிகாபிட் கருவிகள் 2016-இல் வந்த தரத்தின்படி சுவருக்குள் இருக்கும் கேட்5ஈ கேபிளிலேயே 100 மீட்டர் ஓடும், புதிதாக எதுவும் இழுக்க வேண்டியதில்லை. ஆனால் சர்வரில் ஒற்றை ஹார்ட் டிஸ்க் சுழலும்வரை அந்தக் கூடுதல் வேகம் கேபிளுக்குள்ளேயே தங்கிவிடும்.